அட்ரஸ்: சமத்துவபுரம்

எங்க பக்கம் ஒருத்தர் எந்தத் தெருன்னு தெரிஞ்சா போதும், சாதி தெரிஞ்சிடும். "எந்த ஊரு கண்ணு?"ன்னு கேட்ட கையோடு "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?"னு கேப்பாங்க. என் கிளாஸ்மேட் ஒருத்தன்கிட்ட இது பலிக்காது. அவன் வீடு சமத்துவபுரத்தில்.

போன மாசம் சூலூரில் பஸ் ஏறி அங்கே போனேன். நுழைவில் பெரியார் சிலை. எல்லா வீடும் ஒரே அச்சில் கட்டியவை. இப்போ ஆளாளுக்கு முன்னாடி ஷீட் போட்டு மாத்திக்கிட்டாங்க.

கலைஞர் ஆட்சியில் வந்த திட்டம். முதல் சமத்துவபுரம் 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறந்தது. 100 வீட்டில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. சுடுகாடும் பொது.

ஏழைகளுக்கு வீடு கட்டித் தருவது புதுசில்லை. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் 1521-லேயே யாக்கோப் ஃபுக்கர் என்ற பெரும் வணிகர் 'ஃபுக்கெரை' குடியிருப்பை நிறுவினார். இன்னிக்கும் வருஷ வாடகை 88 சென்ட்தான்! ஆனால் கத்தோலிக்கராக இருக்கணும், ஃபுக்கர் குடும்பத்துக்காகத் தினமும் ஜெபிக்கணும். அங்கே ஒரே மதம் என்பது நிபந்தனை. இங்கே கலந்திருப்பதே நிபந்தனை. எனக்கு இதுதான் பெருசாத் தெரியுது.

சாப்பிடும்போது பக்கத்து வீட்டிலிருந்து ரசம் வந்தது. கிண்ணம் திரும்பிப் போகும்போது அதில் எங்க வடை. கல்யாணம்? "அது மட்டும் அவங்கவங்க சொந்தத்துலதான்டா" என்றான்.

வெளியே அவனை விடுவதில்லை. "சமத்துவபுரமா? சரி, அதுக்கு முன்னாடி எந்த ஊரு?"ன்னு கேக்குறாங்களாம்.

"பொறந்ததே இங்கதானுங்க"ன்னு சொல்லிட்டு நகர்ந்துடுவானாம்.