அரிதாரமும் ஆபீஸும்

உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி, முதல் தேதி ஆனால் சம்பளம் வருகிற உத்தியோகத்தை விட்டுவிட்டு, "நாடகத்தில் நடிக்கப் போகிறேன்" என்று வந்து நின்றால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். நான் ஒரு தடவை அவசரப்பட்டவள். அந்தக் கதையையும் சொல்கிறேன்.

போன சித்திரையில் என் தம்பி மகன் போன் செய்தான். "அத்தை, ஒரு நடை ஊருக்கு வந்துட்டுப் போங்க. நேர்ல பேசணும்" என்றான். குரலில் இருந்த சூடே விஷயத்தைச் சொல்லிவிட்டது. மறுநாள் காலை சென்னையில் சேலம் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சியில் இறங்கினேன். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து வடக்கனந்தல் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

நான் பிறந்த ஊர் அது. மேற்கே கல்வராயன் மலை. அடிவாரத்தில் கோமுகி அணை. சுற்றிலும் கரும்பும் மரவள்ளியும். எனக்கு 75 வயதாகிறது. ஆனாலும் அந்த மலை கண்ணில் பட்டால் போதும், தாவணி கட்டிய பெண்ணாகிவிடுகிறேன்.

வீட்டுக்குள் நுழைந்தால், அங்கே ஒரு கோர்ட்டே கூடியிருந்தது. தம்பி மகன் தூணில் சாய்ந்து முறைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குற்றவாளி, அதாவது என் தம்பியின் பேத்தி, தரையில் உட்கார்ந்து கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி வழக்கம்போல் திண்ணையில், ஒன்றும் காதில் விழாதவன் மாதிரி.

அவளுக்கு 24 வயது. சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. மாலையில் ஏதோ நாடகக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். இப்போது, "வேலையை விட்டுவிடுகிறேன், முழு நேரமும் நாடகம்தான்" என்கிறாள்.

"நீங்க சென்னையிலதானே இருக்கீங்க அத்தை? வாரா வாரம் உங்க வீட்டுக்குத்தானே வர்றா? உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டான் தம்பி மகன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கேள்விக்காக அல்ல. அதே கூடத்தில் 1968-ம் வருஷம் நான் கேட்ட இன்னொரு கேள்வி நினைவுக்கு வந்துவிட்டது.

எங்கள் பக்கம் தெருக்கூத்துச் சீமை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்தால் இரவெல்லாம் கூத்துதான். நடிகர்கள் அரிதாரம் பூசி, கிரீடமும் புஜகட்டையும் கட்டி வேஷம் முடிப்பதற்கே வெகு நேரம் ஆகும். வேஷக்காரர் நேரே சபைக்கு வந்துவிட மாட்டார். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்குக் கீழே சலங்கை கட்டிய கால் மட்டும் தெரியும். உள்ளே இருந்து பாட்டு வரும். திரை விலகும்போது கூட்டம் மூச்சை அடக்கிக்கொள்ளும்.

என் தம்பிக்கு அப்போது 14 வயது. அந்தத் திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்ற பைத்தியம் அவனைப் பிடித்துக்கொண்டது. பக்கத்து ஊர் வாத்தியார் ஒருவரிடம் இராத்திரியில் திருட்டுத்தனமாகப் போய் அடவு கற்றுக்கொண்டான். ஒரு நாள் காலையில் அவன் காதுக்குப் பின்னால் அரிதாரம் துளி ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "எங்கே போய் வந்தே?" என்று கேட்டேன். "அக்கா, அப்பா கிட்டே சொல்லாதே" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

நான் சொல்லிவிட்டேன். நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவன் அபிமன்யு வேஷம் கட்டிய முதல் இரவு அது. அப்பா வேஷம் கட்டும் கொட்டகைக்குள்ளேயே போய், கிரீடமும் கையுமாக அவனை ஊர் நடுவே இழுத்துக்கொண்டு வந்தார். அடிக்கக்கூட இல்லை. "குடும்ப மானம்" என்று இரண்டே வார்த்தை. அதற்குப் பிறகு தம்பி கூத்துப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. படித்தான், நிலத்தைப் பார்த்துக்கொண்டான். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆகிச் சென்னைக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்காரர் சர்க்கார் குமாஸ்தா. சபா நாடகம் என்றால் உயிர். அவர் வாயிலிருந்து ஓயாமல் வந்த பெயர் ஒன்று உண்டு: கே. பாலசந்தர். சினிமா டைரக்டர் பாலசந்தரை உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்காரர் சொன்னதோ குமாஸ்தா பாலசந்தரை. "நம்மைப் போல ஒரு ஆபீஸ் ஆசாமிதான் அவர்!" என்பார், ஏதோ சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

உண்மைதான். 1930-ல் நன்னிலத்தில் பிறந்தவர் பாலசந்தர். அப்பா கிராம அதிகாரி. பையன் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துப் பட்டம் பெற்றார். முத்துப்பேட்டையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். 1950-ல் சென்னைக்கு வந்து அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் குமாஸ்தாவானார். பகலெல்லாம் சர்க்கார் கணக்கு. சாயங்காலம் ஆனால் நாடகம். எழுதுவதும் அவரே, ஒத்திகை நடத்துவதும் அவரே.

"மேஜர் சந்திரகாந்த்" நாடகத்தை அவர் முதலில் இங்கிலீஷில்தான் எழுதினாராம். பிறகுதான் தமிழுக்கு வந்தது. கண் தெரியாத ஓய்வு பெற்ற மேஜராக நடித்த சுந்தரராஜனுக்குக் கடைசி வரையில் "மேஜர்" என்பதே பெயரோடு ஒட்டிக்கொண்டது. பின்னாளில் சிவாஜிராவ் என்ற இளைஞருக்கு ரஜினிகாந்த் என்று பெயர் வைத்தாரே பாலசந்தர், அதுவும் இந்தக் கதையில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயர்தான். ஓட்டலில் பரிமாறும் பையன் சினிமா நட்சத்திரமாகும் "சர்வர் சுந்தரம்" கதை, நாகேஷை மனத்தில் வைத்தே எழுதப்பட்டதுபோல் பொருந்திப் போயிற்று. நாணல், நீர்க்குமிழி, மெழுகுவர்த்தி, நவக்கிரகம் என்று வரிசையாக நாடகங்கள்.

இவ்வளவு பேர் வாங்கியும் அவர் உத்தியோகத்தை உடனே விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். எம்.ஜி.ஆர். நடித்த "தெய்வத்தாய்" படத்துக்கு 1964-ல் வசனம் எழுதினார். அதே வருஷம் "சர்வர் சுந்தரம்" படமாக வந்தது. 1965-ல் "நீர்க்குமிழி"யைத் தாமே டைரக்ட் செய்தார். சினிமாவில் கால் ஊன்றிய பிறகுதான் ஆபீஸுக்குக் கும்பிடு போட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1974-ல் "அவள் ஒரு தொடர்கதை" பார்க்க எங்கள் காலனிப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து போனோம். குடும்பம் முழுவதையும் தன் சம்பளத்தில் சுமக்கிற கவிதாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒருத்தியும் பேசவில்லை. எங்களில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறவர்கள். மறுநாள் காலை அவர்கள் பஸ்ஸுக்கு ஓடுவதை நான் வேறு கண்ணோடு பார்த்தேன்.

எனக்கு ஆச்சரியம் தந்தது வேறொன்று. 1990-ல் அவருக்கு வயது 60. சினிமாவில் அடைய வேண்டிய பேரெல்லாம் அடைந்தாயிற்று. அப்போது தூர்தர்ஷனுக்கு "ரயில் சிநேகம்" என்று ஒரு தொடர் எடுத்தார். "பெரிய டைரக்டர், சின்னப் பெட்டிக்குள் வந்துவிட்டாரே!" என்று சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். அவரோ "கையளவு மனசு" என்று மேலே போனார். மின் பிம்பங்கள் என்ற அவருடைய நிறுவனத்தில் நாகா போன்ற இளம் டைரக்டர்கள் தலையெடுத்தார்கள். 1985-ல் வந்த "சிந்து பைரவி" கதையை 2003-ல் "சஹானா" என்று சின்னத்திரையில் தொடர்ந்தார். டிக்கெட் வாங்கி நாம் அவரைத் தேடிப் போன காலம் போய், அரிசி களைந்துகொண்டிருந்த நம்மைத் தேடி அவர் வந்த காலம் அது.

"ரயில் சிநேகம்" வந்த சமயம் தம்பி கண் வைத்தியத்துக்காக எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். தொடர் ஆரம்பித்தால் பெட்டிக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிடுவான். ஒரு நாள் சொன்னான்: "அக்கா, இவரு மேடைக்காரரு. ஆள் உள்ளே வர்றதுக்கு முன்னாடியே ஏங்க வைக்கிறாரு பாரு. திரை பிடிக்கிற மாதிரி." 22 வருஷத்துக்குப் பிறகு அவன் வாயில் "திரை" என்ற வார்த்தையைக் கேட்டேன். அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

சரி, கோர்ட்டுக்கு வருவோம். "உங்களுக்குத் தெரியாதா?" என்றல்லவா கேள்வி?

"தெரியும். எட்டு மாசமாத் தெரியும். ஒரு நாடகத்துக்குப் போய்ப் பார்த்துட்டும் வந்தேன். மாமியார் வேஷம். நாலே வசனம். நல்லாச் சொன்னா" என்றேன்.

தம்பி மகன் முகம் சிவந்துவிட்டது. "அப்ப ஏன் சொல்லலே?"

"ஒரு தடவை சொன்னதுக்கு இன்னும் வட்டி கட்டிக்கிட்டிருக்கேன்டா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. திண்ணையில் ஒரு நிழல் அசைந்தது.

பிறகு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு குமாஸ்தா பாலசந்தர் கதையைச் சொன்னேன். "வேலையை விடாதேடி கண்ணு. நாடகத்தையும் விடாதே. அவர் இரண்டையும் வருஷக்கணக்கா ஓட்டலையா?" என்றேன். என் மனத்தில், பிரமாதமான தீர்ப்புச் சொல்லிவிட்டதாகப் பெருமை.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "ஆயா, அவர் ஆபீஸு சாயங்காலம் மூடிடும். எங்க ஆபீஸு மூடவே மூடாது. ராத்திரி பத்து மணிக்கும் போன்ல கணக்குக் கேக்கறாங்க. ஒத்திகைக்கு நான் எப்பப் போறது?"

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. நியாயமான பேச்சு. நான் சொன்ன கதை உண்மைதான். அதில் வரும் கடிகாரம்தான் பழசு.

அப்போதுதான் திண்ணையிலிருந்து தம்பி எழுந்து உள்ளே வந்தான். "அக்கா சொன்னதுல தப்பில்லே. வேலை வேணும். ஆனா இந்த வேலைதான் வேணும்னு இல்லே. சம்பளம் குறைஞ்சாலும் ஆறு மணிக்கு ஆளை விடற இடமாப் பாரு. மீதி நேரம் உன்னுது" என்றான். மகன் பக்கம் திரும்பினான். "குறையற பணத்தை நான் மரவள்ளிக் காசுல குடுக்கறேன். அவளை யாரும் இழுத்துக்கிட்டு வரக் கூடாது."

"இழுத்துக்கிட்டு" என்ற வார்த்தை வந்தபோது அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்கு நன்றி.

தம்பி மகன் சுலபத்தில் இறங்கி வந்துவிடவில்லை. கல்யாணப் பேச்சு, ஊர் வாய், எதிர்காலம் எல்லாம் வந்தன. பெற்றவன் கவலை அவனுக்கு. அதைத் தப்பென்று சொல்ல நான் யார்? "எத்தனை வயசு வரைக்கும் இப்படி?" என்று கேட்டான். பாலசந்தர் 80 வயதை எட்டும்போது "ரெட்டைச்சுழி" படத்தில் பாரதிராஜாவோடு நடிகராகவே வந்து நின்றதைச் சொன்னேன். அந்தப் படம் 2010-ல் வந்தது. அதே வருஷத்துக்கான தாதாசாகிப் பால்கே விருதும் அவருக்குக் கிடைத்தது. 2014 டிசம்பரில் அவர் காலமானார். 2015-ல் வெளிவந்த "உத்தம வில்லன்" படத்தில் ஒரு டைரக்டராகவே நடித்திருப்பதை, அவர் போன பிறகுதான் நாம் பார்த்தோம்.

"அதெல்லாம் பெரியவங்க விஷயம் அத்தை" என்றான். "பெரியவங்களும் குமாஸ்தாவாத்தான் ஆரம்பிச்சாங்க" என்றேன். கடைசியில், "ஒரு வருஷம். அப்புறம் பார்க்கலாம்" என்று முடித்தான். அந்தப் பெண்ணுக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் அன்று ராத்திரி சாப்பிட்டாள்.

சாப்பாடு ஆனதும் வாசலில் நிலா வெளிச்சம். "தாத்தா, நீங்க கூத்துக் கத்துக்கிட்டீங்களாமே? ஆயா இப்பத்தான் சொன்னாங்க. அபிமன்யு எப்படி வருவான்?" என்று கேட்டாள் அவள். நான் பயந்துபோனேன். தம்பி கொஞ்ச நேரம் மலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக வேட்டியை மடித்துக் கட்டினான்.

"அக்கா, உள்ளே போர்வை இருக்கும். எடுத்துக்கிட்டு வந்து ஒரு முனையைப் பிடி."

பிடித்தேன். மறு முனையை யார் பிடித்தது என்கிறீர்கள்? முறைத்துக்கொண்டிருந்தானே, அவனேதான். போர்வைக்குக் கீழே 71 வயதுக் கால்கள் இரண்டு, சலங்கை இல்லாமல், தாளம் போட ஆரம்பித்தன. எனக்குக் கை வலித்தது. நான் இறக்கவில்லை.