ஒயினும் பழவேற்காட்டு நண்டும்

தமிழ்நாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. மதுக்கடைக்குப் பேர் 'ஒயின்ஷாப்'. 2003-ல் சில்லறை விற்பனை மொத்தமும் டாஸ்மாக் கைக்குப் போனபோது பழைய 'ஒயின்ஸ்' போர்டுகள் எல்லாம் இறங்கிவிட்டன. ஆனால் பேர் மட்டும் போகவில்லை. அந்த ஒயின்ஷாப் வரிசையில் நிற்கிற பத்துப் பேரில் ஒயின் கேட்கிறவர் ஒருத்தராவது இருப்பாரா என்பது சந்தேகம்தான். பிராந்தி, ரம், பீர்... அவ்வளவுதான். யாராவது ஒயின் கேட்டால் பக்கத்தில் நிற்பவர் ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்ப்பார் :-)

பழக்கமில்லாத பொருள் என்பதால் முதல்முறை வாங்குகிறவர் கையில் ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது: விலை. "கூட விலைன்னா நல்லாத்தான் இருக்கும்" என்று ஒரு கணக்கு. கையில் காசு கம்மியாக இருந்தால், "இந்த விலைக்கு வேற எப்படி இருக்கும்" என்று குடிக்கும் முன்பே தீர்ப்பு எழுதியாகிவிடும்.

இந்தக் கணக்கைப் பழவேற்காட்டில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி. ஏரியைச் சுற்றிலும் மீனவக் குப்பங்கள். அங்கே நண்டு வாங்குவதைக் கவனித்துப் பாருங்கள். ஒரே அளவில் இரண்டு நண்டு இருக்கும். பழகிய கை இரண்டையும் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் விரலால் அழுத்தும். ஒன்று கல் மாதிரி இருக்கும், இன்னொன்று லேசாக உள்வாங்கும். உள்வாங்குவது புதிதாக ஓடு கழற்றிய நண்டு; உள்ளே சதையைவிடத் தண்ணீர்தான் அதிகம். மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், சிவப்பாக இருக்கிறதா என்று. கண் பளபளவென்று இருக்கிறதா, சதையை அழுத்தினால் குழி உடனே நிரம்புகிறதா... முடிந்தது பரீட்சை. லேபிள் இல்லை, மெடல் இல்லை. விலை பேசுவது அதற்கப்புறம்தான்.

ஒயினுக்கும் இதே வேலைதான் செய்ய வேண்டும். இத்தனைக்கும் ஒயின் பழவேற்காட்டுக்கு ரொம்ப அந்நியமும் இல்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. ஒல்லாந்தர் கல்லறைகளில் செதுக்கிய எலும்புக்கூடுகளை இன்றும் பார்க்கலாம். அதே கம்பெனிதான் கிழக்கே போகிற தன் கப்பல்களுக்காகத் தென்னாப்பிரிக்க முனையில் திராட்சை பயிரிட்டது. அங்கே முதல் ஒயின் பிழிந்தது 1659-ல். கப்பல்காரர்களுக்கான சரக்கு. இன்றைக்குத் தென்னாப்பிரிக்க ஒயின் உலகம் முழுக்கப் போகிறது. 'மலிவு' என்பது ஒரு ஒயினின் தலையெழுத்து இல்லை.

சரி, விலை நாக்கை ஏமாற்றும் என்பதற்கு என்ன ஆதாரம்? அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2008-ல் வெளியானது. 90 டாலர் ஒயின் ஒன்றையே ஒருமுறை 90 டாலர் என்றும், ஒருமுறை 10 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்று சொன்னபோதுதான் அதிகம் பிடித்தது. அதுவும் வாய் வார்த்தைக்கு இல்லை, மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததிலும் அப்படியே தெரிந்தது. 'நிபுணர்கள் ஏமாற மாட்டார்கள்' என்கிறீர்களா? அதே 2008-ல் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியின் நடுவர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரே பாட்டிலிலிருந்து மூன்றுமுறை, சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தால், ஏறக்குறைய ஒத்த மார்க் போட்டவர்கள் பத்தில் ஒருத்தர்தான்!

காமர்ஸ் பாடத்தில் விலை என்பது தேவையும் அளிப்பும் சந்திக்கிற இடம். கடையிலோ அது ஒரு விளம்பரமும்கூட. பாட்டில், லாரி வாடகை, வரி எல்லாம் விலையில் இருக்கிறது. இதில் எதுவும் நாக்கில் தெரியாது.

ஆக, வீட்டில் செய்ய வேண்டியது சுலபம். (தமிழ்நாட்டில் 21 வயது ஆனவர்களுக்கு மட்டும், சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

நாலு பேர் பங்கு போட்டு மூன்று பாட்டில். மூன்றும் ஒரே வகை, விலை மட்டும் வேறு வேறு. ஒருத்தர் மட்டும் தனியாகப் போய்ப் பாட்டில்களைப் பேப்பரில் சுற்றி நம்பர் போட வேண்டும். டம்ளர் ஆளுக்கு நாலு! நாலாவதில் முதல் மூன்றில் ஒன்றையே மறுபடி ஊற்ற வேண்டும். இது நடுவருக்கு வைக்கிற பரீட்சை. ஒரே ஒயினுக்கு ஒரு டம்ளரில் எட்டும் இன்னொன்றில் நாலும் போட்டவர், அன்றைக்கு மற்ற மார்க்குகளைப் பற்றி அதிகம் பேசாமல் இருப்பது நல்லது.

குடிக்கிற வரிசையும் முக்கியம். இனிப்பானதுக்கு அப்புறம் வருவது எதுவும் புளிக்கும். இதற்கும் பழவேற்காட்டில் பாடம் இருக்கிறது. அங்கே 'பாடு' என்று ஒரு பழைய முறை. ஏரியில் நல்ல இறால் படுகிற இடம் ஒரே ஆளுக்கே போய்விடாமல் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. டம்ளருக்கும் அப்படியே பாடு போடுங்கள். ஒருத்தர் ஒன்றிலிருந்து தொடங்கினால் அடுத்தவர் இரண்டிலிருந்து.

முதலில் மூக்கு. வினிகர் வாடை, நனைந்த அட்டைப்பெட்டி வாடை, அழுகின முட்டை வாடை வந்தால் அது கெட்டுப்போன செவுள் மாதிரி. எந்த விலையானாலும் தள்ளிவிடலாம். அப்புறம் ஒரு வாய். இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு. வெள்ளைக்காரர் புத்தகம் போட்டு விளக்குகிற 'டானின்' வேறொன்றும் இல்லை, வாழைப்பூவிலும் பாக்கிலும் இருக்கிற துவர்ப்புதான். அறுசுவை தெரிந்த நாக்குக்கு இது புதுசா என்ன? இந்த மூன்றும் ஒன்றையொன்று அமுக்காமல் இருக்கிறதா, விழுங்கினாலும் துப்பினாலும் ருசி கொஞ்ச நேரம் நிற்கிறதா என்று பாருங்கள். ஆமாம், துப்பத்தான் வேண்டும். "காசு கொடுத்து வாங்கினதைத் துப்புறதா?" என்று கேட்பார்கள். நாலு டம்ளரையும் காலி செய்தவர் அப்புறம் போடுகிற மார்க்குக்கு மதிப்பில்லை.

இன்னொன்று, சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' குடி என்பார்கள். அது ஐரோப்பிய அறை, 16-18 டிகிரி. இங்கே அறை 30-க்கு மேல். அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்காவிட்டால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும், ஒயின்மேல் பழி விழும்.

கூடவே மீன் வறுவலா? அப்படியானால் வெள்ளை ஒயின். சிவப்பு ஒயினில் இருக்கிற இரும்புச்சத்துதான் மீனோடு சேரும்போது கவிச்சியைக் கிளப்புகிறது என்று 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மிளகாய் அதிகமென்றால் ஆல்கஹால் அந்த எரிச்சலையும் ஏற்றிவிடும்.

இவ்வளவு நேரம் நாக்கை நம்பச் சொன்னாயிற்று. நம்பக்கூடாத இடம் ஒன்று இருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 10-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதுவும் ஒரு மீனவக் குப்பம்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள். மெத்தனாலுக்கும் சாதாரண ஆல்கஹாலுக்கும் வித்தியாசம் வாசனையில் தெரியாது, ருசியிலும் தெரியாது. செவுளைப் பார்த்து மீனைச் சொல்கிற ஆளுக்கும் அங்கே கண் கட்டித்தான். செத்தவர்கள் ருசி தெரியாதவர்கள் இல்லை. முத்திரை இல்லாத சரக்கைச் சோதிக்க வீட்டில் வழியே கிடையாது; தொடாமல் இருப்பது ஒன்றுதான் வழி. மலிவு விலை ஒயின் என்பது வேறு, எங்கிருந்து வந்தது என்று தெரியாத மலிவு என்பது வேறு.

முத்திரையைப் பார்த்தாயிற்றா? அப்புறம் பேப்பரைச் சுற்றுங்கள். கடைசியில் பிரிக்கும்போது பிடித்தது விலை குறைந்த பாட்டிலாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம், அடுத்த முறை மிச்சமாகும் காசில் நல்ல கல் நண்டாக வாங்கலாம். விலை கூடினதுதான் பிடித்தது என்றாலும் தப்பில்லை, கொடுத்த காசுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. மதுவே வேண்டாம் என்பவர்கள் டீத்தூளிலும் காபித்தூளிலும் இதையே செய்து பார்க்கலாம். எப்படியானாலும், முதலில் அழுத்திப் பாருங்கள். விலையை அப்புறம் கேளுங்கள்.