மாற்றிய மூட்டும் மாறாத தசையும்

முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து ஒருவர் வீடு திரும்பும்போது, பழுதுற்றது அகற்றப்பட்டுப் புதியது பொருத்தப்பட்டுவிட்டது, இனி வேண்டுவது ஓய்வு ஒன்றே என உறவினர் எண்ணுதல் இயல்பு. இவ்வெண்ணத்தில் பாதியே உண்மை. சத்திரசிகிச்சை நிபுணர் மாற்றுவது தேய்ந்துபோன மூட்டுப் பரப்புகளையே. அம்மூட்டை நிறுத்துவனவும் நடத்துவனவுமான தசைகள் நோயாளியின் பழைய தசைகளே.

இச்சிகிச்சையின் வரலாறு நெடியதன்று. இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி 1962இல் இடுப்புக்குரிய செயற்கை மூட்டைச் செம்மைப்படுத்தினார். அவர் பணியாற்றிய வைத்தியசாலையிலேயே 1968இல் பிராங் கன்ஸ்டன் முழங்காலுக்கு ஒரு மூட்டை அமைத்தார். 1974இல் நியூயோர்க்கில் ஜோன் இன்சோலும் அவர்தம் சகாக்களும் பயன்படுத்தத் தொடங்கிய மூட்டே இன்றைய வடிவங்களுக்கு முன்னோடி. தொடை என்பின் கீழ்முனையில் உலோகம், கால் என்பின் மேல்முனையில் உலோகத் தட்டு, இரண்டுக்கும் இடையே பொலித்தீன் என்பதே இவற்றின் பொது அமைப்பு.

நோவு மிகுந்த காலை மனிதன் தன்னையறியாமலே காத்துக்கொள்கிறான். ஆண்டுக்கணக்கில் அவ்வாறு காத்ததனால் தொடையின் முன்புறத் தசை சத்திரசிகிச்சைக்கு முன்னரே மெலிந்திருக்கும். சிகிச்சையின் பின் ஏற்படும் வீக்கமோ வேறொரு தடையை விளைவிக்கிறது. மூட்டினுள் நீர் சேரும்போது தொடைத்தசைக்குச் செல்லும் நரம்புக் கட்டளை தானாகவே தளர்கின்றது என்பது 1965இல் வெளியான ஆய்வொன்றிலேயே காட்டப்பட்டது. 2005இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், சத்திரசிகிச்சைக்கு ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின் அத்தசையின் வலிமை முன்னிருந்ததைவிட 62 வீதம் குறைந்திருந்ததைக் கண்டனர். ஆனால், தசையின் பருமன் குறைந்தது 10 வீதமே. அஃதாவது, தசை அழிந்துவிடவில்லை. அதனை முழுமையாக இயக்கும் ஆற்றலே பெரிதும் தடைப்பட்டிருந்தது. படுத்திருப்பதனால் இத்தடை நீங்குவதில்லை. தொடையை இறுக்கித் தளர்த்துதல், நேராக நீட்டிய காலை உயர்த்துதல், கதிரையிலிருந்து எழுதல் ஆகியவற்றை நாள்தோறும் செய்தே அவ்வாற்றலை மீட்டெடுத்தல் வேண்டும்.

இந்த அறிவு கல்முனைக்குடி போன்றதோர் ஊரில் வீட்டு வாழ்வோடு நேரே மோதுகின்றது. மகளுக்கு வீடு கொடுத்து மணமுடித்து வைத்தல் அங்குள்ள வழக்கம். முதுமையில் தாய் வாழ்வது பெரும்பாலும் மகளின் வீட்டில், அன்றேல் அதன் அண்மையில். பன்பாயில் அமர்ந்து காய் நறுக்கியும் பேரப்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தும் வாழ்ந்தவள் அவள். சிகிச்சை முடிந்து வந்ததும் அவள் கட்டிலுக்கு உரியவளாகிறாள். "எழும்பாதீங்க உம்மா, நான் கொண்டு வாறன்" என்பது அவ்வீட்டில் நாள் முழுதும் ஒலிக்கும் குரல். தண்ணீரும் சோறும் கட்டிலுக்கே வருகின்றன. இதமாக இருக்கட்டுமென்று முழங்காலின் கீழ்த் தலையணையும் வைக்கப்படுகின்றது. மடிந்தவாறே கிடக்கும் முழங்கால் பின்னர் முற்றாக நீள மறுக்கும் என்பதை அன்பு மிகுந்த அம்மகள் அறியாள். எழுந்து நடக்க வேண்டிய வாரங்கள் பணிவிடையிலேயே கழிந்துவிடுகின்றன.

தாயின் உள்ளத்திலிருப்பதோ வேறொரு கவலை. நிலையில் நின்று, ருகூவில் குனிந்து, சுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்துத் தொழுது பழகியவள், இனி அவ்வாறு தொழ முடியுமா என்று ஏங்குகிறாள். நடப்பதற்கு முழங்கால் ஏறத்தாழ 70 பாகை மடிந்தாற் போதும். படியேறவும் கதிரையிலிருந்து எழவும் 90 பாகையும் அதற்குச் சற்று மேலும் வேண்டும். மண்டியிட்டு அமர்வதற்கோ 130 பாகைக்கும் மேல் வேண்டும். மாற்றப்பட்ட மூட்டுகள் பலவும் 110, 120 பாகையளவிலேயே நின்றுவிடுகின்றன. ஆகவே, பலருக்குக் கதிரையே துணையாகின்றது. இயலாதோர் அமர்ந்து தொழலாம் என்பது மார்க்கம் தந்துள்ள சலுகை. எனினும், ஷாபிஈ மத்ஹபின்படி நிற்க இயன்றவர் பர்ளுத் தொழுகையின் நிலையில் நின்றே தொழுதல் வேண்டும். ஐவேளைப் பர்ளு 17 ரக்அத்துகள். கதிரையைத் துணைக்கொண்டு அவற்றைத் தொழுபவர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை இருந்த நிலையிலிருந்து எழுகிறார். இயன்மருத்துவர் விதிக்கும் பயிற்சியும் அதுவே. தொழுகை உடற்பயிற்சிக்காக ஏற்பட்டதன்று. ஆனால், கட்டிலை விட்டெழும் வலிமை வாய்த்த ஒருத்திக்கு அவளது நாளின் ஒழுங்கிலேயே மீட்சிக்கும் இடமுண்டு.

வலிமையோடு சமநிலையும் திரும்ப வேண்டும். கால் எந்நிலையில் உள்ளதென மூளைக்கு உணர்த்தும் நரம்பு முனைகள் மூட்டின் உறையிலும் தசைநார்களிலும் தசைகளிலும் உள்ளன. மூட்டு வகைகள் பலவற்றில் முன்புறக் குறுக்குத் தசைநார் அகற்றப்படுவதால், எஞ்சியவற்றைக் கொண்டே உடல் மீண்டும் பழக வேண்டியுள்ளது. பகலில் கண் துணைசெய்யும். சுபஹுக்கு முந்திய இருளிலோ, ஒழுச்செய்த ஈரத்தரையிலோ தடுமாற்றம் வெளிப்படும். மேசையைப் பிடித்து ஒரு காலில் நிற்றல், உடற்பாரத்தைப் புதிய காலிலும் சமமாக ஊன்றப் பழகுதல் என்பன இதற்கான பயிற்சிகள். பாரத்தை எப்போதும் மற்றைய காலிலேயே சுமத்தினால் அம்முழங்காலும் விரைவில் நோவெடுக்கும். கடற்கரை மணலில் நடப்பது கடைசியாகச் செய்ய வேண்டியது. முதலில் சமதரையே ஏற்றது.

நோவுக்கு அஞ்சி முடங்குதலும் நோவைப் பாராது வருத்துதலும் ஒருங்கே தவறானவை. கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ, காய்ச்சலோடு காயத்தில் நீர் கசிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பயிற்சியை நிறுத்தி உடனே வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். ஏனைய நாட்களில் முயற்சி தொடர வேண்டும். வலிமை திரும்புதற்கு மாதங்கள் பல செல்லும், சிலருக்கு ஓராண்டும் போதாது.

இக்காலத்தில் மகள் செய்யத்தக்க பணிவிடை ஒன்றுண்டு. தாய் கதிரையிலிருந்து எழ முயலும்போது அவளைத் தூக்கிவிடாது, விழுந்தால் தாங்கும் தூரத்தில் நின்றுகொள்வதே அது. தாய் வலியோடு எழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது மகளுக்கு எளிதன்று. ஆயினும், தாய் மீண்டும் தன் காலில் நிற்பதற்கு அவளது பொறுமை இன்றியமையாதது.