சக்கிமுக்கிக் கல்லும் ஒரு துண்டுத் தோலும்

ஆம்பூர் போகிறவர்கள் பிரியாணி, ஷூ என்று இரண்டே ஐட்டத்தோடு திரும்பிவிடுகிறார்கள். நான் போனது மூன்றாவது ஐட்டத்துக்காக. துப்பாக்கி! 1749 ஆகஸ்டில் ஆற்காடு நவாப் அன்வருதீன் கான் சண்டையில் செத்தது ஆம்பூரில்தான். எதிரே சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும்.

அந்தக் காலத் துப்பாக்கிக்கு உயிர் ஒரு சக்கிமுக்கிக் கல். விசையை இழுத்தால் கல் பாய்ந்து எஃகுத் தகட்டில் உரசும், பொறி பறக்கும். பொறி கல்லிலிருந்து வருவதில்லை சார்; கல் சீவிய எஃகின் சூடான துணுக்குதான் அது. கிண்ணத்து மருந்தில் அது விழுந்து, சின்னத் துளை வழியாக நெருப்பு குழலுக்குள் போனால் டுமீல். துளை அடைத்திருந்தால் புஸ்!

பி.காம். படித்தவனுக்குத் தேய்மானக் கணக்கில் ஓர் ஆசை. இங்கிலாந்தில் பிராண்டன் என்கிற ஊரில் இந்தக் கல்லைத் தட்டி விற்றே குடும்பங்கள் பிழைத்தன. அப்படி வந்த கல்லை இரும்புத் தாடையில் வெறுமனே இறுக்கினால் வழுக்கும், அடி தாங்காமல் சில்லு சில்லாகத் தெறிக்கும். ஆயுள் கூட வேண்டுமா? தோல் துண்டில் சுற்றி இறுக்கு. தோல் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கல்லின் கூர் முழு அகலத்துக்கும் தகட்டில் படணும். மழுங்கினால் லேசாகத் தட்டிக் கூராக்கணும். தகட்டில் கரியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் துடைக்கணும். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் கழித்துக் கட்டும் வெட்டுத் துண்டுகள் ஒரு ரெஜிமெண்ட்டுக்கே போதும்.

அங்கிருந்து பஸ் பிடித்தால் சுமார் 50 கிலோமீட்டரில் வேலூர். அகழி, கோட்டை, உள்ளே கோயில், மசூதி, சர்ச். 1806-ல் இங்கே சுட்டதும் இதே ரகத் துப்பாக்கிதான். ஆனால் அந்தத் தடவை தகராறே தோலால் வந்தது. கம்பெனி தளபதி கிரடாக் கொண்டுவந்த புதுத் தலைப்பாகையில் தோல் பட்டை ஒன்று இருந்தது. நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது என்று வேறு உத்தரவு. பசுத்தோலா, பன்றித்தோலா என்று சிப்பாய்கள் கொதித்தார்கள். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி.

ஜூலை 10 விடிவதற்குள் கோட்டை வெடித்தது. வெள்ளைக்காரர் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்தார். சில நூறு சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பிற்பாடு தலைப்பாகை உத்தரவு ரத்து. கிரடாக், கவர்னர் பென்டிங்க் இருவரையும் லண்டன் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது.

கல் உடையாமல் இருக்க எங்கே தோல் வைக்கணும் என்று தெரிந்தவர்கள், ஆளின் தலையில் வைக்குமுன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திங்கட்கிழமைதோறும் சர்க்குலர் அனுப்பும் மேனேஜர்கள் ஒரு நடை வேலூர் கோட்டையைப் பார்த்துவிட்டு வரலாம்.