தொட்டிக்கு அடியில் பொள்ளாச்சி

பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே மஞ்சி (தென்னைநார்) மில் இருப்பதைத் தூசியே சொல்லிவிடும். தேங்காய் மட்டையை அடித்து நாரைப் பிரிக்கும்போது உதிரும் பழுப்புத் தூள்தான் காயர் பித். ஒரு காலத்தில் மில் ஓரத்தில் யாரும் சீந்தாமல் குவிந்துகிடந்த கழிவு அது. இன்று ஐந்து கிலோ கட்டிகளாக நெதர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறுகிறது. நம் வீட்டு மணி பிளான்ட் தொட்டியிலும் இருக்கிறது.

இந்த மவுசுக்குக் காரணம் பீட். குளிர்நாட்டுச் சதுப்புகளில் பாசி மட்கி, ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் சேரும் கரிமப் படிவு அது. உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள பீட் நிலங்கள், எல்லாக் காடுகளின் மரஞ்செடிகளையும்விட அதிகக் கரிமத்தைத் தேக்கி வைத்திருக்கின்றன. அதைத் தொட்டிச் செடிக்காகத் தோண்டினால் அந்தக் கரிமம் காற்றில் கலக்கும். வீட்டுத் தோட்டத்துக்கான பீட் விற்பனையை 2024க்குள் இங்கிலாந்தில் நிறுத்துவதாகப் பிரிட்டிஷ் அரசு 2022இல் அறிவித்தது; சட்டம் வராமலே கெடு கடந்துபோனது. ஆனாலும் மாற்றைத் தேடுவோரின் பார்வை தென்னையின் பக்கம் திரும்பிவிட்டது.

நான் போன களத்தில், முகத்தில் துண்டு கட்டிய பெண்கள் கழுவுவதற்காகச் சிமெண்ட் தரையில் பித்தைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. அந்த உப்பு போகாவிட்டால் வேர் கருகும். மேற்பார்வையாளர் ஒரு பிடி பித்தைத் தண்ணீரில் கலக்கி, உப்பின் அளவை மின்கடத்துத்திறனாக (ஈசி) காட்டும் மீட்டரை விட்டுப் பார்த்தார். "ஈசி 0.5க்குக் கீழ வரோணுமுங்க. வரலீன்னா மறுபடி தண்ணி ஊத்தோணும்." உசத்தி ரகம் கேட்பவர்களுக்குக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து இன்னொரு முறையும் அலசுகிறார்கள். பிறகு வெயிலில் உலர்த்தி, சலித்து, அழுத்துகிறார்கள்.

கழுவிய தண்ணீர் கருஞ்சிவப்பாக ஓடியது. "இதெங்கீங்க போகுது?" என்றேன். பித்தை இழுத்துக்கொண்டிருந்த அக்கா கையை நீட்டிக் காட்டினார்: அடியில் தார்ப்பாய் விரித்த தொட்டி. அங்கே தெளியும் தண்ணீரை அடுத்த லோடின் முதல் கழுவலுக்கு எடுக்கிறார்கள்; கடைசிக் கழுவலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். "மண் தரையில கழுவுனா கெணத்துக்கு எறங்கீருமுங்க. எங்கூருல கெணத்துத் தண்ணியே நெறம் மாறிப்போச்சு" என்றார் அவர்.

இப்படிப் பல புகார்கள் எழுந்த பிறகுதான், 2021இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தென்னைநார் ஆலைகளை மாசு மிகக் குறைவு எனக் கருதப்படும் வெள்ளைப் பிரிவிலிருந்து கட்டுப்பாடு கூடிய ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றியது. ஆலைக்காரர்கள் எதிர்த்தார்கள். சிறிய மில்லுக்குத் தொட்டியும் சிமெண்ட் தளமும் பெரிய செலவு என்பதும் உண்மைதான்.

வீட்டுச் செடி வாங்கும்போது, காட்டிலிருந்து பிடுங்கியதா, நர்சரியில் வளர்த்ததா என்று கேட்டு வாங்கும் பழக்கம் மெல்ல வந்திருக்கிறது. பித் கட்டிக்கும் அதே கேள்வி வேண்டும்: எங்கே கழுவியது, அந்தத் தண்ணீர் என்ன ஆனது? 'பீட் இல்லாதது' என்ற முத்திரை இதற்குப் பதில் சொல்லாது. தண்ணீரைத் தேக்கித் திருப்பி எடுக்கும் மில்லின் கட்டி சில ரூபாய் கூடுதலாக இருக்கலாம். அந்த ரூபாயை வாங்குபவர் தராவிட்டால், பொள்ளாச்சிக் கிணற்றுக்காரர் தருவார்.