அட்டையின் பின்பக்கம்

போன செமஸ்டர் முதல் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஹாஸ்டல் கிரவுண்டில் வாலிபால் ஆடி கணுக்கால் பிசகிக்கொண்டது. ராத்திரிக்குள் பன்னு மாதிரி வீங்கிவிட்டது. ரூம்மேட் டிராயரைத் திறந்து ஒரு அட்டையைத் தூக்கிப் போட்டான். "இதப் போடு மச்சி, காலையில ஓடுவ."

ஓடவில்லை, ஆனால் நடந்தேன். அன்றிலிருந்து அந்த மாத்திரைதான் எனக்குத் தெய்வம். அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம், கூடவே பாராசிட்டமால் 325. அப்போது பெயரைக்கூட நான் படிக்கவில்லை. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மெஸ் வரைக்கும் நொண்டிக்கொண்டு போக சோம்பலாக இருந்தால் ஒரு டீ, ஒரு மாத்திரை, அவ்வளவுதான். சர்க்யூட் வேலை செய்யாமல் விடிய விடிய உட்கார்ந்து தலைவலி வந்தால் அதற்கு வேற மாத்திரை: இபுப்ரோஃபென். இது கால்வலிக்கு, அது தலைவலிக்கு. என் கணக்கில் ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன கண்ணு எழுதியிருக்குது?" என்று கேட்டார். எல்லாமே இங்கிலீஷ். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படித்த பிள்ளை நான். ஒரு வரிகூட வாசிக்காமல் சொன்னேன்: "வலி மாத்திரைதாம்மா. போடு, சரியாயிரும்."

ரிவ்யூ நல்லபடியாக முடிந்தது. வயிறு மட்டும் மூன்று நாளாக எரிந்துகொண்டிருந்தது. மெஸ் சாம்பார் மேல் பழி போட்டேன். மறுநாள் காலையில் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதி பிரயோஜனம் இல்லை. படியேறும்போது கண் இருட்டியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் கேட்டது மூன்றே கேள்வி. எத்தனை நாளா? சாப்பிட்டுப் போட்டியா? வேற என்ன மாத்திரை? நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "தம்பி, நீ போட்டது ரெண்டும் ஒரே குடும்பம். கறுப்பா போறது, உள்ளே ரத்தம் கசிஞ்சு வர்றது." எண்டோஸ்கோபியில் இரைப்பையில் புண் தெரிந்தது. மூன்று நாள் வார்டு.

அந்தப் படுக்கையில்தான் இந்த மாத்திரைகள் எப்படி வேலை செய்கின்றன என்று படித்தேன். ப்ரோஸ்டாகிளாண்டின் என்று ஒரு பொருள் நம் உடம்பில் உருவாகிறது. அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் கூட்டுவது அதுதான். அமிலம் அரிக்காமல் இரைப்பைச் சுவரைக் காப்பதும் அதேதான். தேவைப்படும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதேதான். இந்த மாத்திரைகள் அது உருவாவதையே தடுக்கின்றன. ஒரு ரூமில் குழாய் ஒழுகுகிறது என்று ஹாஸ்டல் மெயின் வால்வையே மூடுகிற மாதிரி. ஆஸ்பிரின் 1899லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் அது வேலை செய்யும் இந்த வழியை ஜான் வேன் 1971இல்தான் கண்டுபிடித்தார். 1982இல் அதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

மூன்றாம் நாள் டாக்டர் போகிற போக்கில் கேட்டார்: "வீட்டுல யாராச்சும் இதே மாத்திரை போடுறாங்களா?"

வயிற்றுப் புண்ணைவிட அந்தக் கேள்விதான் வலித்தது. அம்மாவுக்கு பிரஷர் உண்டு. போன் போட்டேன். "நல்லாக் கேக்குது கண்ணு. தீந்து போச்சுன்னு அட்டையக் காட்டி இன்னொண்ணு வாங்கிட்டேன். கால்தான் கொஞ்சம் வீங்கியிருக்குது." அம்மா போடுகிற பிரஷர் மாத்திரையில் டெல்மிசார்டனும் நீர் பிரிய வைக்கும் மருந்தும் சேர்ந்திருந்தது. அந்த ரெண்டோடு மூன்றாவதாக இந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் திணறிப்போகும் என்றார் டாக்டர். அன்றைக்கே ரத்தம் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். கிரியேட்டினின் 1.6. பிரஷரும் ஏறியிருந்தது. மாத்திரையை நிறுத்தி ரெண்டு வாரம் கழித்து 0.9க்கு வந்தது. அந்த ரெண்டு வாரம் நான் தூங்கிய லட்சணம் ரூம்மேட்டுக்குத் தெரியும்.

இதே குடும்பத்து டைக்ளோஃபெனாக்கைக் கொடுத்திருந்த மாடுகளின் சடலத்தைத் தின்றுதான் நம் நாட்டில் பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டுமா?

மாத்திரையே வேண்டாம் என்று சொல்லவில்லை. சரியாகப் போட்டால் நல்ல மருந்துதான். நான் கற்றுக்கொண்டது இவ்வளவு:

1. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு வேண்டிய மருந்து. ரூம்மேட் டாக்டர் இல்லை.

2. சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு போடுங்கள். ஆனால் சாப்பிட்டுவிட்டால் ஆபத்தே இல்லை என்று நினைக்காதீர்கள். மருந்து ரத்தத்தில் கலந்த பிறகும் இரைப்பையின் பாதுகாப்பைக் குறைக்கும். ஊசியாகப் போட்டாலும் அப்படித்தான்.

3. எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு, எத்தனை குறைந்த நாள் முடியுமோ அத்தனை நாள்.

4. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சென் எல்லாம் ஒரே வகை. ஒன்றோடு இன்னொன்று கூடாது. பாராசிட்டமால் வேறு வகை. ஆனால் அது பல மாத்திரைகளில் ஒளிந்திருக்கும், கூட்டிப் பாருங்கள். சரக்கும் இந்த மாத்திரையும் சேரவே கூடாது.

5. காய்ச்சலா? டெங்கு இல்லை என்று தெரியும்வரை இவற்றைத் தொடாதீர்கள். ரத்தக்கசிவு அதிகமாகும். பாராசிட்டமால் மட்டும்.

6. அல்சர், ஆஸ்துமா, பிரஷர், இதய நோய், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து, கர்ப்பம்: இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். கறுப்பு மலம், ரத்த வாந்தி என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இப்போது அம்மா எந்த மாத்திரை வாங்கினாலும் வாட்ஸப்பில் போட்டோ அனுப்புகிறார். கீழே அதே கேள்வி: "இதுல என்ன கண்ணு எழுதியிருக்குது?" கிளாஸில் இருந்தாலும் வெளியே வந்து, பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறேன். புரியாததை டாக்டரிடம் கேட்கச் சொல்கிறேன்.

உங்க டிராயரிலும் ஒரு அட்டை இருக்கும். ஒரு தடவை திருப்பிப் பாருங்க.