ஒரு தட்டா, இரட்டைத் தட்டா?



சிங்கப்பூர் தேக்காவுக்கு வந்தவர்கள் ரேஸ் கோர்ஸ் ரோட்டைப் பார்த்திருப்பீர்கள். இன்று வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பேர்போன அந்தத் தெருவின் அருகேதான் ஒரு காலத்தில் குதிரைகள் ஓடின. 1933-இல் பந்தயத் திடல் புக்கிட் தீமாவுக்குப் போனது. பிறகு 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் ரோட்டில் கார்ப் பந்தயம் நடந்தது, உயிர்ப்பலிகளும் நேர்ந்தன. 2008-இல் மரினா பேயில் இரவுப் பந்தயம் தொடங்கியது. 2012-இல் கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயனும் அங்கே ஓட்டினார். வேக ஆசை இந்த ஊருக்குப் புதிதல்ல.

அந்த ஆசை எங்கள் குடும்பத்துக்குள்ளும் வந்துவிட்டது. என் அண்ணன் மகன் ஜொகூர்த் தோட்டத்தில் பிறந்தவன். ஜொகூர் பாருவில் தங்கி, தினமும் கடற்பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறான். பழைய டொயோட்டா 86 ஒன்று வாங்கினான். கிளட்ச் தேய்ந்துவிட்டது. "சித்தப்பா, இரட்டைத் தட்டு கிளட்ச் மாட்டிவிடலாமா? அதுதான் கெட்டி என்கிறார்கள்" என்று கேட்டான். பல வருடம் லாரிப் பட்டறையில் கைகறுத்தவன் நான் என்பதால் என்னிடம் வந்தான்.

கேள்வி காரைப் பற்றியது மட்டும் அல்ல. தோட்ட வேலை முடிந்தால் தோட்ட வீடும் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாளுக்காக அண்ணி சொந்த வீட்டுக்கு முன்பணம் சேர்க்கிறார். பையனின் மிகைநேரச் சம்பளத்தில் ஒரு பங்கு அதற்குத்தான் போகிறது.

கிளட்ச் என்பது என்ன? ஒரு நோட்டுப் புத்தகத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். யாராவது இழுத்தால் உராய்வுதான் பிடித்து நிறுத்தும். உராயும் முகங்கள் இரண்டு. அதுதான் ஒற்றைத் தட்டு. இப்போது இரண்டு புத்தகங்களை வைத்து, நடுவே உங்கள் கைகளோடு சேர்ந்தே அசையும் ஒரு பலகையையும் வையுங்கள். அழுத்தம் அதேதான், உராயும் முகங்கள் நான்கு. பிடிமானம் இரட்டிப்பாகிறது. தட்டின் அகலமும் ஸ்பிரிங்கின் பலமும் மாறாமலே இது கிடைப்பதுதான் இரட்டைத் தட்டின் பெருமை. சூடும் நான்கு முகங்களில் பங்கிடப்படுகிறது.

ஆனால் பெடலை மிதித்தால் நான்கு முகங்களும் பிரிய வேண்டும். சரியாகப் பிரியாவிட்டால் கியர் விழ முரண்டு பிடிக்கும். சில வகைகளில் நடுத்தட்டு சலசலக்கும். பெரும்பாலும் பிளைவீலும் சேர்ந்தே வருவதால் விலையும் ஏறும்.

இன்னொன்றையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வண்டி குதித்துக் கிளம்புவது தட்டின் எண்ணிக்கையால் மட்டும் அல்ல. தட்டில் ஒட்டியுள்ள பொருளால். செராமிக் துண்டு வெடுக்கென்று கவ்வும். ஆர்கானிக் மெதுவாகப் பிடிக்கும்.

தோட்டத்து டிராக்டரிலும் இரட்டைக் கிளட்ச் உண்டே என்பீர்கள். மாஸி பெர்குசன் 135 போன்றவற்றில் அது வேறு கதை. பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும். முழுக்க மிதித்தால்தான் பின்னால் பூட்டிய கருவியைச் சுழற்றும் தண்டு நிற்கும். அங்கே இரண்டு தட்டுக்கும் இரண்டு வேலை. பந்தயக் காரில் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன.

இனி கணக்கைப் பாருங்கள். பையனின் டொயோட்டா 86 தரும் முறுக்குவிசை 205 நியூட்டன் மீட்டர். கம்பெனி போட்டது ஒற்றைத் தட்டு. அதற்கு அதுவே போதும். 2009-இல் வந்த கார்வெட் இசட்ஆர்1 காரின் முறுக்குவிசையோ 819. ஒற்றைத் தட்டில் அதைப் பிடிக்க முரட்டு ஸ்பிரிங் வேண்டும், கால் நொந்துபோகும். ஆகவே அதற்கு இரட்டைத் தட்டு வைத்தார்கள். அது தேவைக்கு வந்தது, பெருமைக்கு வந்ததல்ல.

பையன் ஓட்டுவது மரினா பேயிலா? மாலையில் கடற்பாலத்து நெரிசலில் அடிக்கு அடி ஊர்கிறான். அங்கே வேண்டியது மெதுவாகப் பிடிக்கும் கிளட்ச், இளகிய பெடல். அளவுக்கு மீறிய பிடிமானம் இன்னொரு தீங்கும் செய்யும். வழுக்கி விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் கிளட்ச் விட்டுக்கொடுக்காவிட்டால், அடி கியர்பாக்ஸில் விழும்.

"ஒற்றைத் தட்டே போதும், நல்ல கம்பெனிச் சாமானாக வாங்கு" என்றேன். முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் அப்படியே செய்தான். அந்த மாதமும் அண்ணியின் கைக்குப் பணம் போய்ச் சேர்ந்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படிக் கேட்டால் கோபப்படாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: இன்ஜினின் முறுக்குவிசை எவ்வளவு? இப்போதுள்ள கிளட்ச் தேய்ந்ததால் வழுக்குகிறதா, பலம் போதாமல் வழுக்குகிறதா? வண்டி ஓடப்போவது பந்தயத் திடலிலா, நெரிசலிலா? பதில் சொல்லி முடிக்கும்போது எந்தக் கிளட்ச் என்பது அவனுக்கே தெரிந்துவிடும்.